வெள்ளைப்புள்ளி வைரஸ் இறாலுக்குள் நுழைவது எப்படி?

தீனி எடுக்காமல் குட்டையின் கரையோரம் ஒதுங்கும் இறாலைக் கண்டாலே பழவேற்காடு ஏரிப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு நெஞ்சு பதறும். தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால், உள்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நகத்தால் சுரண்டினாலும் போகாது. அடுத்த பத்து நாளுக்குள் குட்டையே காலியாகிவிடலாம்.

1992-ல் தைவானில் தென்பட்ட வெள்ளைப்புள்ளி வைரஸ், 1994 வாக்கில் நம் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. மனிதருக்கு இதனால் தீங்கில்லை; இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளைத்தான் தொற்றும்.

இறாலின் ரத்த அணுக்களின் மேல் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உண்டு. கிருமியை அடையாளம் கண்டு, உள்ளே இழுத்து அழிக்க உதவுபவை அவற்றில் பல. வைரஸ் அந்த வழியிலேயே புகுந்துகொள்கிறது. சீனாவின் ஷாண்டோங் பல்கலைக்கழகத்தார் குருமா இறாலில் செய்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அதன்படி, வைரஸின் உறையிலுள்ள விபி24 என்ற புரதம் ஓர் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. ஏற்பியின் உள்முனையில் கால்மோடுலின் என்ற புரதம் வந்து சேர்கிறது. உடனே அணுச்சவ்வு அந்த இடத்தில் குழிந்து, வைரஸை உள்வாங்கிக்கொள்கிறது. காக்க வந்த அணுவே பகைவனை வரவேற்று உள்ளே விடுகிறது! அந்த ஏற்பியின் உற்பத்தியைக் குறைத்தபோது தொற்றும் குறைந்தது.

உறையிலுள்ள இன்னொரு புரதம் விபி28. இது புலி இறாலின் ராப்7 என்ற புரதத்தோடு பிணைவதைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2006-ல் காட்டினார்கள்.

அப்படியானால் தடுப்பூசி போடலாமே? நம்மைப் போல எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறன் இறாலுக்கு இல்லை. ஆனாலும் மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள் விபி28 புரதத்துக்கான மரபணுவைத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். இறால்கள் கூடுதலாகப் பிழைத்தன. ஆனால் நாளாக நாளாகப் பாதுகாப்பு தேய்ந்தது. நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் நடந்த இந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். குணமாக்கும் மருந்து இன்றுவரை கிடையாது.

எனவே வைரஸை அண்டவிடாமல் பார்ப்பதே வழி. இதில் கவனிக்க வேண்டியது சேற்று நண்டு. வைரஸைச் சுமந்தபடி அது வெகுநாள் சாகாமல் திரியும். குட்டைக்குக் குட்டை ஊர்ந்தும் போகும். கரையைச் சுற்றி நண்டு வேலி போடுவது அதனால்தான்.

பண்ணைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோய் கண்ட குட்டையின் மடையை ஏரிப் பக்கம் திறந்துவிடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் போட்டு நீரைச் சுத்தம் செய்து, சில நாள் தேக்கிவைத்த பிறகே வெளியேற்றுங்கள். முறை வைத்து மீன்பிடிக்கும் பாடு முறையில் சுத்து வலை போடும் மீனவர்கள் நம்பியிருப்பதும் அதே ஏரி இறாலைத்தான்.