டவ்ஸ் எழுத்துரு: எழுத்து வடிவமைப்பும் நூற்கட்டும் தரும் பாடங்கள்

டவ்ஸ் அச்சகம் இங்கிலாந்தின் லண்டன் மாநகரில், ஹாமர்ஸ்மித் பகுதியில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிறிய கையச்சகம் ஆகும். நூற்கட்டுக் கலைஞர் டி. ஜே. காப்டன்-சாண்டர்சனும் (1840–1922) அச்சுக்கலை வல்லுநர் எமெரி வாக்கரும் (1851–1933) இதை நிறுவினர். எழுத்துருவை வடிவமைத்தல், அச்சிடுதல், கையால் நூல் கட்டுதல் ஆகிய மூன்றையும் ஒரே நோக்கில் செய்ததால் இவ்வச்சகம் இன்றும் பாடமாக அமைகிறது.

பின்னணி

காப்டன்-சாண்டர்சன் வழக்கறிஞராக இருந்தவர். நாற்பது வயதைக் கடந்த பின்னரே, வில்லியம் மாரிசின் மனைவி ஜேன் கூறிய யோசனையை ஏற்று நூற்கட்டுத் தொழிலைக் கற்றார். 1893இல் டவ்ஸ் நூற்கட்டுக் கூடத்தை அமைத்தார். மாரிஸ் 1891இல் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகத்திற்கு வாக்கர் ஆலோசகராகத் துணைநின்றவர்.

எழுத்துரு உருவான முறை

வெனிஸ் நகரில் 1470ஆம் ஆண்டளவில் நிக்கோலா ஜென்சன் அச்சிட்ட நூல்களின் எழுத்துகளே முன்மாதிரி. அவற்றைப் புகைப்படத்தில் பெரிதாக்கி, மை பரவியதால் ஏற்பட்ட பிசிறுகளை நீக்கிப் புதிதாக வரைந்தனர். எட்வர்ட் பிரின்ஸ் அவற்றை எஃகுத் துண்டுகளின் முனையில் இடவலம் மாற்றிச் செதுக்கினார். அந்த எஃகைச் செம்பில் அடித்தால் குழிவான அச்சு கிடைக்கும். அதில் ஈயக் கலவையை ஊற்றினால் அச்செழுத்து வார்ப்பாகும். எழுத்துரு ஒரே அளவில் மட்டும் செய்யப்பட்டது, சாய்வெழுத்தும் இல்லை.

முதல் பாடம்: இடைவெளியும் வடிவமே

தனி எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், சொல்லில் அமரும்போதுதான் அதன் தகுதி தெரியும். எழுத்துகளுக்கு இடையேயும் சொற்களுக்கு இடையேயும் உள்ள வெண்மை சீராக இருந்தால் கண் தடையின்றி நகரும். தமிழிலும் ஒடுங்கிய ‘ர’, அகன்ற ‘ண’ ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஓவியங்களைச் சேர்க்காமல், எழுத்தும் இடைவெளியும் கொண்டே பக்கத்தை அமைத்தது டவ்ஸ் அச்சகம். 1903 முதல் 1905 வரை ஐந்து தொகுதிகளாக வந்த விவிலியம் இதன் சிறந்த சான்று.

இரண்டாம் பாடம்: நூற்கட்டு அச்சுக்கு முன்பே தொடங்குகிறது

ஒரு தாளை இருமுறை மடித்தால் நான்கு ஏடுகள், எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். இத்தகைய மடிப்புகளை அடுக்கி, மடிப்பின் நடுவே நூல் கோத்துத் தைப்பதே கைக்கட்டு. தைத்த நூலை விரித்து வைத்துப் படிக்கலாம்; ஏடுகள் எளிதில் உதிரா. எனவே பக்க வரிசை, உட்புற ஓரம், தாள் மடியும் திசை ஆகியவற்றை அச்சிடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். உட்புற ஓரம் குறைந்தால், பிறகு எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் வரிகளின் முனை மடிப்புக்குள் மறையும்.

மூன்றாம் பாடம்: மூலத்தைப் பாதுகாத்தல்

கூட்டாளிகளிடையே பிளவு ஏற்பட்டு 1909இல் கூட்டு முடிந்தது. காப்டன்-சாண்டர்சன் தம் வாழ்நாள் வரை எழுத்துருவை வைத்துக்கொள்ளலாம், பின்னர் அது வாக்கருக்குச் சேரும் என்பது உடன்பாடு. ஆனால் அது பிறர் கைக்குப் போவதை அவர் விரும்பவில்லை. 1913இல் எஃகு மூலங்களையும் செம்பு அச்சுகளையும் தேம்ஸ் ஆற்றில் எறிந்தார். 1916 ஆகஸ்டு முதல் 1917 ஜனவரி வரை, இரவுகளில் ஹாமர்ஸ்மித் பாலத்திற்குப் பலமுறை நடந்து, ஒரு டன்னுக்கும் மேற்பட்ட அச்செழுத்துகளைக் கொட்டினார்.

எழுத்து, தாள், கட்டு அனைத்தும் முழு நூலுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்று எழுதியவர் அவர். அவரே தம் படைப்பு வேறு எந்த நூலுக்கும் உதவாமல் செய்தார். உடன்பாடு இருந்தும் மூலங்கள் ஒருவரிடம் மட்டுமே இருந்ததால் இந்த இழப்பைத் தடுக்க முடியவில்லை.

வடிவமைப்பாளர் ராபர்ட் கிரீன் அச்சிட்ட பக்கங்களை ஆராய்ந்து இதைக் கணினி எழுத்துருவாக மீட்டுருவாக்கினார். 2014இல் மூழ்குநர்கள் உதவியுடன் ஆற்றிலிருந்து சுமார் 150 அச்செழுத்துகள் எடுக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு அவர் தம் எழுத்துருவை மேலும் திருத்தினார். இன்று எழுத்துரு உருவாக்கும் மாணவர்கள் மூலக் கோப்பின் படியை வேறோர் இடத்திலும் சேமித்து, பயன்பாட்டு உரிமையைத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது நல்லது.