பாரசீகர் அரக்கராயினர்

பிராங்க் மில்லர் என்பவர் 1998-ல் வெளியிட்ட '300' என்னும் சித்திரக் கதையை, 2007-ல் ஜாக் ஸ்னைடர் சினிமாப் படமாக்கி உலகெங்கும் உலவவிட்டார். கி.மு. 480-ல் தெர்மாப்பிலேக் கணவாயில் ஸ்பார்ட்டா வீரர் பாரசீகப் பெரும்படையை எதிர்த்து மடிந்த சரித்திரமே கதை. ஸ்பார்ட்டர் யாவரும் செதுக்கிய சிலைபோல் நிற்கின்றனர். பாரசீகச் சக்கரவர்த்தி செர்க்ஸஸோ உடலெங்கும் சங்கிலி பூண்ட பூதம்! அவன் படையில் கைகளுக்குப் பதிலாகக் கத்தி முளைத்த கொலையாளி ஒருவன். ஈரான் தேசத்தார் அவ்வாண்டே இதைக் கண்டித்தனர்.

கோயம்புத்தூர் வாசிகளுக்கு இதில் என்ன என்று நேயர்கள் வினவலாம். அப்போரின் வரலாற்றை எழுதிய கிரேக்கரான ஹெரோடோட்டஸ், செர்க்ஸஸின் சேனையில் இந்தியரும் இருந்தனர் என்கிறார். அவர்கள் பருத்தி ஆடை உடுத்தி, பிரம்பு வில்லும் இரும்பு முனை அம்பும் ஏந்தியிருந்தனராம். பருத்தியால் வயிறு வளர்க்கும் நமது ஜில்லாவின் இளைஞர், அவ்வரக்கர் கூட்டம் வெட்டுண்டு விழுகையில் கைதட்டும்போது, தாம் எந்தப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்பதை அறியார். அச்சேனையில் அழகிலும் உயரத்திலும் செர்க்ஸஸுக்கு இணையானவர் இல்லை என்று எழுதியவரும் அதே ஹெரோடோட்டஸே.

கதை சொல்பவன் ஒரு ஸ்பார்ட்டா வீரன், அவன் கண்ணுக்குப் பகைவர் அப்படித்தான் தோன்றுவர் என்று படக்காரர் சமாதானம் கூறுகின்றனர். இந்தச் சாட்சியம் குறுக்கு விசாரணைக்கு நிற்காது. பாரசீகரை எதிர்த்து மராத்தானில் வாளேந்திய எஸ்கிலஸ், கி.மு. 472-ல் ஒரு நாடகம் இயற்றினார். அதில் தோற்ற பாரசீகரின் அரண்மனையையும், அரசமாதாவின் துயரத்தையுமே அவர் மேடையேற்றினார். வென்றவரான ஆதென்ஸ் ஜனங்கள் அதைக் கண்டனர். சுதந்திரம், சுதந்திரம் என்று படத்தில் முழங்கும் ஸ்பார்ட்டர், ஹெலட்டுகள் என்னும் அடிமைக் குடிகளின் உழைப்பில் உண்டவர்கள் என்பதைப் பற்றியோ அங்கு மூச்சே இல்லை.

பகைவனுக்கு வேஷமிடும் வித்தை கொங்கு நாட்டாருக்குப் புதிதன்று. 1805-ல் தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்ட கும்பினியாருக்கு அவர் வெறும் கலகக்காரர். அந்தப் பெயரை மாற்ற நமக்கு எத்தனை காலம் பிடித்தது!

ஆயினும் இன்று நம்மவரே அவ்வித்தையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கின்றனர். 2023-ல் வெளிவந்த 'ஆதிபுருஷ்' படத்தில் இராவணன், வௌவால் போன்ற ஒரு கோரப் பிராணியின் மேல் ஏறி வருகிறான். கம்பர் காட்டிய இராவணன் இவனல்லன். சேலம் எம்.ஏ. வேணு 1958-ல் தயாரித்த 'சம்பூர்ண ராமாயணத்'தில் டி.கே. பகவதி வீணை வல்ல வேந்தனாக, சபை நடுவே கம்பீரமாக வீற்றிருந்தார். இராமன் வென்றது அத்தகையவனை. நமது கொட்டகைக்காரர் அப்படத்தை மறுபடியும் திரையிடுவாராயின், நாமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகச் சித்தமாயிருக்கிறோம்.