அடிக்கடி அறுபடும் இணைப்பு: கோளாறு பலகையிலா, கம்பியிலா?

பயிர் மஞ்சளித்தால் காரணம் அறியாமல் மருந்து தெளிப்பது வீண் செலவு. தோட்டத்தில் வைத்துள்ள சிறு கணினிக்கும் இது பொருந்தும்.

மண் ஈரத்தை அறியவும், சொட்டுநீர் வால்வுகளை இயக்கவும், கேமரா மூலம் தோட்டத்தைக் கண்காணிக்கவும் 'ராஸ்பெர்ரி பை' போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகள் பயன்படுகின்றன. 2019இல் வெளிவந்த இதன் 4ஆம் மாடலில், விநாடிக்கு 1000 மெகாபிட் வேகமுள்ள கிகாபிட் ஈதர்நெட் இணைப்பு உள்ளது. இந்த இணைப்பு சில இடங்களில் அடிக்கடி அறுந்து, தானே மீண்டும் வருவதுண்டு. அறுந்த நேரத்தில் வீட்டிலிருந்து இடும் உத்தரவு வால்வுக்குப் போய்ச் சேராது. பயிர் காயும், அல்லது நீர் வீணாகும். பலகை கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினாலும், கோளாறு கம்பியில் இருந்தால் தொல்லை தீராது.

காரணம் என்ன?

ஈதர்நெட் கம்பிக்குள் 4 சோடி, அதாவது 8 இழைகள் உள்ளன. 100 மெகாபிட் வேகத்துக்கு 2 சோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் தேவை. எந்த வேகத்தில் இயங்குவது என்று இரு முனைக் கருவிகளும் முதலில் ஒப்புக்கொள்வது, வழக்கமான இணைப்பு முறையில், ஆரஞ்சு, பச்சைச் சோடிகள் வழியாகத்தான். நீலம் அல்லது பழுப்புச் சோடியில் ஓர் இழை அறுந்திருந்தால் அது அப்போது தெரியாது. கிகாபிட் என்று ஒப்புக்கொண்டபின் இயங்க முடியாமல் இணைப்பு அறுகிறது. மீண்டும் முயன்று, மீண்டும் அறுகிறது. சில கருவிகள் தாமாகவே 100க்கு இறங்கிவிடும்.

கண்டறியும் முறை

1. பலகையை ரூட்டர் அருகே கொண்டுவந்து, நல்ல நிலையிலுள்ள 1 மீட்டர் கம்பியால் இணைக்கவும். அறுபடாமல் இருந்தால் பலகையில் குறையில்லை. பழைய கம்பியிலோ அதன் பிளக்கிலோதான் குறை.

2. அப்போதும் அறுந்தால் ரூட்டரில் வேறு துளையில் செருகிப் பார்க்கவும்.

3. அடுத்து மின்சாரம். 4ஆம் மாடலுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் தேவை. செல்போன் சார்ஜர் போதாமல் போகலாம். திரையில் மின்னல் குறி தோன்றினால் மின்னழுத்தம் குறைவு என்று பொருள்.

4. இவை யாவும் சரியாக இருந்தும் அறுந்தால் மட்டுமே பலகையைச் சந்தேகிக்கவும்.

கவனிக்க வேண்டியவை

கம்பியின் நீளம் 100 மீட்டருக்கு மேற்படக் கூடாது. கிணறு அதற்கு அப்பால் இருந்தால் இடையில் ஒரு ஸ்விட்ச் வைக்கலாம். கண்ணாடி இழைக் கம்பி அதனினும் நன்று. முழுச் செம்பாலான 'கேட் 5ஈ' கம்பியையே கேட்டு வாங்கவும். எலி கடிக்காதபடி குழாய்க்குள் கொண்டு செல்லவும். மோட்டார் மின்கம்பி செல்லும் குழாயில் இதைச் சேர்க்க வேண்டாம். பம்பு அறை ஈரத்தில் பிளக்கில் களிம்பு ஏறியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிது பொருத்தவும்.

உடனே கம்பி மாற்ற இயலாதவர்கள், 100 மெகாபிட் மட்டுமே தரும் சாதாரண ஸ்விட்ச் ஒன்றைப் பலகைக்கும் பழைய கம்பிக்கும் நடுவே வைக்கலாம். குறை நீலம், பழுப்புச் சோடிகளில் மட்டும் இருந்தால் இணைப்பு நிலைத்துவிடும். வால்வு இயக்கத்துக்கும் ஒன்றிரண்டு கேமராக்களுக்கும் அந்த வேகமே தாராளம்.

செலவில்லாத சோதனையை முதலில் செய்து, வீண் செலவைத் தவிர்த்துப் பயனடைவீர்.