சிறுநீரகத்தில் விழும் தழும்பு



டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தாயார் என்னிடம், "ஐயா, என் மகனுக்குக் கிட்னியில் தழும்பு விழுந்திருக்கிறதாம். ஆபரேஷனே செய்யவில்லையே, தழும்பு எப்படி வந்தது? வெட்டி எடுத்துவிட முடியாதா?" என்று கேட்டார்கள். நான் இறையியல் படித்தவனேயன்றி வைத்தியம் படித்தவன் அல்ல. ஆகவே நம் டாக்டர்களைக் கேட்டும் புத்தகங்களைப் புரட்டியும் அறிந்துகொண்டதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒரு சிறு வடிகட்டியும் அதைத் தொடர்ந்து ஒரு நுண்குழாயும் சேர்ந்ததே நெஃப்ரான். இந்தக் குழாய்களின் இடைவெளிகளில், மெல்லிய இரத்தக் குழாய்களை அணைத்தபடி வேறு சில செல்கள் இருக்கின்றன. பெரிசைட் என்றும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்றும் அவற்றுக்குப் பெயர். தாயின் கர்ப்பத்தில் குழந்தை உருவாகும்போது மீசென்கைம் என்னும் தளர்வான திசுவிலிருந்து தோன்றியவையாதலால், இவற்றை மீசென்கைமல் செல்கள் என்கிறார்கள்.

சுகமான காலத்தில் இவை சத்தமில்லாமல் வேலை செய்கின்றன. இரத்தக் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கின்றன. இவற்றில் சில, எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் உண்டாகும்படி செய்கின்றன.

சர்க்கரை வியாதி, உயர் இரத்த அழுத்தம், கல் அடைப்பு ஆகியவற்றால் நுண்குழாய்கள் காயப்படும்போதுதான் காரியம் மாறுகிறது. காயப்பட்ட செல்கள் வேதிப்பொருட்களை அனுப்பி அபயக்குரல் எழுப்புகின்றன. அவற்றுள் முக்கியமானது டிஜிஎஃப்-பீட்டா. அதைக் கேட்டதும் மீசென்கைமல் செல்கள் பெருகி, தசையைப் போலச் சுருங்கும் சக்தி பெற்று, கொலாஜன் என்னும் நாரை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்பது இந்தப் புது வேஷத்தின் பெயர். ஆறும் புண்களில் இத்தகைய செல்களை 1971-இல் கபியானியும் உடன் ஆராய்ச்சியாளரும் விவரித்தனர்.

கையில் வெட்டுப்பட்டால் இவையே புண்ணை மூடிவிட்டு, வேலை முடிந்ததும் மறைந்துபோகும். சிறுநீரகத்திலோ சர்க்கரையும் அழுத்தமும் நாள்தோறும் புதுக் காயம் செய்வதால் இவற்றுக்கு ஓய்வில்லை. பூசி முடித்த சுவரின்மேல் கொத்தனார் மறுபடி மறுபடி பூசிக்கொண்டே இருந்தால் வாசலும் ஜன்னலும் அடைபடாதா? அப்படியே நார் பெருகி மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. பிராணவாயு குறைந்து நுண்குழாய்கள் சாகின்றன. அதனால் மறுபடியும் அபயக்குரல். நார் செய்யப் போன செல்கள் ஹார்மோன் சுரப்பதையும் விட்டுவிடுகின்றன. சிறுநீரக நோயாளிகள் வெளிறி, நாலு படி ஏறுமுன் மூச்சு வாங்குவதும், இரும்புச் சத்து மாத்திரை மாத்திரம் போதாமல் பலருக்கு எரித்ரோபாய்டின் ஊசி போடுவதும் இதனால்தான். பல ஆண்டுகளாக அந்த ஊசியைப் பார்த்திருந்தும், அதற்கும் தழும்புக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியாதிருந்தது.

இந்த நார் செய்யும் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் பெரிய விவாதம் உண்டு. நுண்குழாயின் செல்களே உருமாறி வருகின்றன என்று 2002-இல் நீல்சன் குழுவினர் சான்று காட்டினார்கள். 2010-இல் ஹம்ஃப்ரீஸ் குழுவினர் சுண்டெலிகளில் செல்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்து, பெரிசைட்டுகளே மூலம் என்று காட்டினார்கள். 2021-இல் மனிதச் சிறுநீரகங்களில் ஒவ்வொரு செல்லாக ஆராய்ந்தபோதும் பெரிசைட்டுகளும் ஃபைப்ரோபிளாஸ்டுகளுமே பெரும்பான்மையான மூலம் என்று தெரிந்தது. சான்றைக் கண்டு பலர் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். இறையியலில் நாங்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை! எந்தச் செல் என்று தெரிந்தால்தானே அதைத் தடுக்கும் மருந்தைத் தேட முடியும்.

வெட்டி எடுக்க இது ஒரு கட்டி அல்ல, எங்கும் பரவிய நார். ஆனால் எனாலப்ரில், லோசார்ட்டான் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கின்றன. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் உதவுகிறது என்று 2020-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. சிறுநீரில் அல்புமின் பரிசோதனையும் இரத்தத்தில் கிரியேட்டினின் பரிசோதனையும் செய்து சீக்கிரம் கண்டுபிடித்தால் இவற்றால் அதிக பயன் உண்டு.

இன்னொரு செய்தி 1998-இல் வெளிவந்தது. கணையம் மாற்றி வைக்கப்பட்டுச் சர்க்கரை முற்றிலும் சீரான 8 பேரின் சிறுநீரகத் திசுவைச் சோதித்தார்கள். 5 ஆண்டுகளில் முன்னேற்றம் ஒன்றும் இல்லை. 10-ஆம் ஆண்டில் பார்த்தபோது, சர்க்கரையால் வடிகட்டிகளில் படிந்திருந்த கேடு குறைந்திருந்தது. அந்தத் தாயாரிடம் இதைச் சொன்னேன். தம் மகனுக்கு இது காலம் கடந்தது என்று அவர்களுக்கே தெரியும். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இளையவனுக்கும் சர்க்கரை இருக்கிறது ஐயா, நாளைக்குக் கூட்டி வரட்டுமா?" என்றார்கள்.