சோர்வு சோம்பல் அல்ல

காலையில் எழும்போதே களைப்பு. சமையலறையில் பத்து நிமிடம் நின்றால் கால்கள் ஓய்ந்துவிடுகின்றன. பார்ப்பவர்களோ, "நோய்தான் கட்டுக்குள் வந்துவிட்டதே, இன்னும் ஏன் படுத்தே கிடக்கிறாய்?" என்று கேட்கிறார்கள். இரத்தப் புற்றுநோய்க்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவர்களில் நாமும் ஒருவராக இருந்திருக்கலாம்.

இரத்தப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்றான நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா, 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் பகுதிகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருகிறது. இதனால் உருவாகும் புரதம் வெள்ளையணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. அந்தப் புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முன்பெல்லாம் இந்நோய் கண்டவர்களில் பலர் சில ஆண்டுகளே வாழ்ந்தனர். இன்றோ தினமும் மாத்திரை சாப்பிட்டபடி வேலைக்குச் சென்று, பேரப்பிள்ளைகளையும் காண்கிறவர்கள் பலர். ஆனால் அந்த நீண்ட ஆண்டுகளில் சோர்வும் அவர்களோடு கூடவே வருகிறது.

இந்தச் சோர்வுக்குக் காரணம் ஒன்றல்ல. மருந்தினால் சிவப்பணுக்கள் குறைந்து இரத்தசோகை வரலாம். தைராய்டு சுரப்பு குறையலாம். உடலில் நீர் கோத்துக்கொள்ளலாம். இரவில் தசைப்பிடிப்பு வந்து தூக்கம் கெடலாம். மனச்சோர்வும் இதில் சேர்ந்துகொள்ளலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். எனவே, "மருந்து சாப்பிட்டால் அப்படித்தான்" என்று பேசாமல் இருந்துவிடாமல், மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்வதே முதல் படி. சத்து மாத்திரையோ நாட்டு மருந்தோ, அவரைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், களைப்புத் தாங்காமல் "நாலு நாள் மாத்திரையை விட்டுப் பார்ப்போம்" என்று நினைப்பதில்தான். விட்டவுடன் உடல் லேசானதுபோல் தோன்றலாம்; நோயோ ஓசையின்றித் திரும்பி வரலாம். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பல ஆண்டுகள் நோய் ஆழ்ந்து அடங்கியிருக்கும் சிலருக்கு மருந்தை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அது இடைவிடாத இரத்தப் பரிசோதனையோடு, மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டியது.

அன்றாட வாழ்வில் செய்யக்கூடியவையும் உண்டு. மாதச் சம்பளத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்வதுபோல உடலின் பலத்தையும் செலவிடப் பழகலாம். எந்த நேரத்தில் களைப்பு அதிகம் என்று ஒரு வாரம் குறித்துவைத்தால், முக்கியமான வேலைகளைத் தெம்பான நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். காய்கறி நறுக்குவதை உட்கார்ந்தே செய்யலாம். பகல் தூக்கம் அரைமணி நேரத்துக்குள் இருந்தால் இரவுத் தூக்கம் கெடாது. படுத்தே இருந்தால் களைப்பு கூடும். மருத்துவர் சம்மதத்துடன் தினமும் சிறிது தூரம் நடந்தால் அது குறையும்.

இமாட்டினிப் மாத்திரையை உணவோடும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடும் சாப்பிட வேண்டும். ஞாயிறு காலையில் இதனால் தயங்குகிறவர்கள் உண்டு. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பு நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் கட்டுப்படுத்துவதில்லை என்பதைத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. தவக்கால ஒருசந்திக்காகவும் மாத்திரையை விட வேண்டியதில்லை. திருப்பலியில் முழந்தாளிட முடியாவிட்டால் உட்கார்ந்திருக்கலாம். கோவிலுக்கு வரவே இயலாத நாட்களில் வீட்டிற்கு நற்கருணை கொண்டுவரும்படி பங்குத்தந்தையிடம் கேட்கலாம்.

நலமாக இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது எளிது. களைத்திருப்பவர் கேட்கத் தயங்குவார். "நாளைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு நாங்கள் கூட்டிப்போகிறோம்," "மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும்" என்று சொல்லிப் பார்ப்போம். அவருடைய சோர்வை நாம் வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் அவருடைய ஒரு வேலையை நாம் வாங்கிக்கொள்ளலாம். இந்த வாரமே நம் அன்பியத்தில் அப்படி ஒரு வீட்டைத் தேடிச் செல்வோம்.