உஷார்! பழைய வீட்டில் புது நீராவி பாய்லரா? கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள்!

நியூஜெர்சியிலோ பாஸ்டன் பக்கமோ நூறு வருஷத்துப் பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் கவனியுங்கள். பேஸ்மென்ட்டில் பழைய நீராவி பாய்லரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தாயிற்று. முதல் குளிரிலேயே பைப்புகள் சம்மட்டியால் அடித்தாற்போல் டமார் டமாரென்று அதிர்கின்றன. ரேடியேட்டரின் காற்று வால்வு தண்ணீரைத் துப்புகிறது. மாடி அறை மட்டும் சில்லென்று கிடக்கிறது. பொருத்தியவரைக் கேட்டால், “நீராவி என்றால் அப்படித்தான் சார்” என்கிறார். நம்பவே நம்பாதீர்கள்! ஒழுங்காக அமைத்த நீராவிச் சூடேற்றி இரவெல்லாம் சத்தமில்லாமல் ஓடும்.

அடுத்து அவர் அழுத்தத்தைக் கூட்டி வைக்கப் பார்ப்பார். தடுத்துவிடுங்கள். வீட்டுக்கு 2 பிஎஸ்ஐ-க்கு மேல் தேவையே இல்லை; பெரும்பாலும் அதில் பாதியே தாராளம். பைப்புக்குள் இருக்கும் காற்று வெளியேறினால்தான் நீராவி நுழைய முடியும். மெயின் பைப்பின் கோடியில் இருக்கும் காற்று வால்வு அடைத்துக்கொண்டிருக்கிறதா, யாராவது கழற்றிவிட்டு மூடி போட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பாய்லரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். எரியும்போது அதில் நீர்மட்டம் லேசாக ஆடலாம். தாறுமாறாகக் குதித்தால் கோளாறு. புது பாய்லரிலும், மரை வெட்டிய பைப்புகளிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய் நீரின் மேல் படலமாக மிதக்கும். அதனால் நீர் நுரைத்துப் பொங்கி, நீராவியோடு சேர்ந்து மேலே ஏறிவிடும். பைப் இடிப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். அடியில் வால்வைத் திறந்து வடித்தால் எண்ணெய் போகாது. நீர்மட்டத்தை ஒட்டியுள்ள துளை வழியாக, கொதிக்காத சூட்டில், மெல்லிய தாரையாக, மணிக்கணக்கில் வழியவிட வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை என்பதால் பலர் செய்யாமலே பில்லை நீட்டுகிறார்கள். அதன் பிறகும் நீர் குதித்தால், பாய்லருக்கு மேலே போட்ட பைப்புகளின் அளவையும் உயரத்தையும் கையேட்டிலுள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். மேலே செல்லும் கிடைக்குழாய் பொதுவாக நீர்மட்டத்திலிருந்து 24 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும்.

பழைய பாய்லரின் தகட்டைப் பார்த்து அதே அளவில் புதியதை வாங்கினார்களா? அதுவும் தவறு. வீட்டிலுள்ள ரேடியேட்டர்களை அளந்து, ஒரு சதுர அடிக்கு மணிக்கு 240 பிடியூ என்று கணக்குப் போட்டுத்தான் பாய்லரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய பைப்பைச் சுற்றியுள்ள வெள்ளை உறை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். வேலையின்போது அது கிழிந்திருந்தால் பெருக்காதீர்கள், வாக்குவம் போடாதீர்கள். குழந்தைகளை பேஸ்மென்ட்டில் விடாதீர்கள். உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

இனி, உயிருக்கே உலை வைப்பவை. பாய்லர் எரிந்துகொண்டிருக்கும்போது கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியவில்லையா? உடனே சுவிட்சை அணையுங்கள். பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்! காய்ந்து தகிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வெடித்துப் பிளக்கும். தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிவடையும் என்பதை மறக்காதீர்கள். முழுதாக ஆறும்வரை அப்படியே விடுங்கள். நீர் குறைந்தால் நெருப்பை அணைக்கும் பாதுகாப்புக் கருவி வேலை செய்கிறதா என்று உங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அடிக்கடி தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. தரைக்கடியில் புதைந்த திரும்புகுழாயைச் சந்தேகியுங்கள்.

புகைபோக்கியையும் விடாதீர்கள். பழைய செங்கல் புகைபோக்கி புது பாய்லருக்கு ஒத்துவராவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். நிறமில்லை, வாசனையில்லை. மாடிக்கு மாடி அலாரம் வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்தால், காரணம் தேடி நிற்காதீர்கள். அனைவரையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். வெளியே நின்று 911-ஐக் கூப்பிடுங்கள்.