மழைக்கும் மேகத்திற்கும் விலை

பஸ்ஸின் ஜன்னற் கண்ணாடியில் மழைத்துளி வழிந்தோடுவதையும், டீக்கடைப் பாய்லரிலிருந்து ஆவி எழும்புவதையும், அந்தி வேளையில் ஆற்றங்கரைத் தென்னைகள் அசைவதையும் ஸ்மார்ட்போனில் பத்து இருபது விநாடி படம் பிடித்து, அதை அன்னிய தேசத்தாருக்கு விற்றுப் பணம் பெறலாம் என்று சொன்னால் நமது நேயர்களில் முதியோர் பலர் நம்பமாட்டார்கள். இளைஞர்களோ அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள். வீட்டிலிருந்தபடியே மாதந்தோறும் பெருந்தொகை சம்பாதிக்கக் கற்றுக் கொடுப்பதாகச் சொல்லி, முதலில் தங்கள் கட்டணத்தைச் சம்பாதித்துக்கொள்ளும் உபாத்தியாயர்களும் இந்த நம்பிக்கையால் பிழைக்கிறார்கள். ஆகையால் இவ்வியாபாரத்தின் உண்மை நிலையைச் சிறிது விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

தொழில் புதிதெனினும் அதன் வேர் பழையது. 1895-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்திற்கும் குறைந்தவையே. தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவதும், குழந்தைக்கு ஆகாரம் ஊட்டுவதும் ஜனங்களுக்கு அதிசயமாயிருந்தன. அடுத்த வருஷம் ஜூலை 7-ந் தேதி லூமியேர் படங்கள் பம்பாய் வாட்ஸன் ஹோட்டலுக்கும் வந்து சேர்ந்தன. பிறகு தேசந்தோறும் காட்சி பிடிக்க அனுப்பப்பட்டவர்கள் கம்பெனியின் காமிராவைச் சுமந்து சென்ற சம்பளக்காரர்கள். இன்று காமிரா படம் பிடிப்பவனுடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது. பிடித்த படமும் சட்டப்படி அவனுடையதே. கடை மாத்திரம் அவனுடையதல்ல. இந்தத் தொழிலின் சுகமும் கஷ்டமும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே உண்டாகின்றன.

வாங்குவோர் யார்? விளம்பரக் கம்பெனிகள், டெலிவிஷன் நிலையங்கள், யூட்யூப் நடத்துவோர் முதலியோர். ஒரு பாங்கியின் விளம்பரத்தில் மழைக்காலத்தை உணர்த்த நாலு விநாடிக் காட்சி தேவையாயிருக்கிறது. அதற்காகக் காமிராக்காரரை அனுப்பி, வானம் கறுக்கும்வரை காத்திருக்கச் செய்வதைவிட ஆயத்தமாயுள்ள துணுக்கொன்றை எடுத்துக்கொள்வது மலிவல்லவா? இத்தகைய துணுக்குகளைச் சேர்த்து வைக்கும் கிடங்குகள் சில பெரிய கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. ஷட்டர்ஸ்டாக் என்பது 2003-ல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் என்பவர் தாமே எடுத்த 30,000 போட்டோக்களைக் கொண்டு தொடங்கியது. அடோபி கம்பெனி, போட்டோலியா என்ற கடையை 80 கோடி டாலருக்கு வாங்கி 2015-ல் தன் பெயரால் கடை திறந்தது. வீடியோவுக்குப் பேர்போன பாண்ட்-ஃபைவ் கடையை 2022-ல் ஷட்டர்ஸ்டாக் 21 கோடி டாலர் கொடுத்துத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அந்த ஷட்டர்ஸ்டாக்கும் கெட்டி இமேஜஸும் ஒன்றாக இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. சந்தையில் கடைகள் குறையக் குறைய, சரக்குக் கொண்டுவருபவன் பேரம் பேசுவது எப்படியாகும் என்பதை நெல் விற்ற குடியானவனைக் கேட்டால் சொல்வான்.

படம் பிடிப்பதில் பெரிய வித்தை ஏதும் வேண்டுவதில்லை; பொறுமை வேண்டும். போனைக் கிடையாகப் பிடித்து, சிறு முக்காலியில் நிறுத்தி, அசைக்காமல் எடுக்கவேண்டும். அசையவேண்டியது மழையும் இலையும் புகையுமேயன்றிக் கையல்ல. கடைகள் பெரும்பாலும் ஐந்து விநாடி முதல் அறுபது விநாடி வரையுள்ள துணுக்குகளையே ஏற்கின்றன. போனின் கண் மிகச் சிறியதாகையால் இருட்டில் எடுத்தால் படமெங்கும் மணல் தூவினாற்போலப் புள்ளி விழும். நம் தேசத்து மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. குழல் விளக்கின் கீழ் விநாடிக்கு 30 படங்கள் வீதம் எடுப்போருக்குப் படம் துடிப்பதன் காரணம் இதுதான். 25 என்று மாற்றி, ஒவ்வொரு படத்திற்கும் ஒளி படும் நேரத்தை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்காக வைத்தால் துடிப்பு நின்றுவிடும். கடைப் பெயர்ப்பலகையோ கம்பெனி முத்திரையோ தெரிந்தால் விளம்பரத்திற்கு உதவாதென்று தள்ளிவிடுவார்கள். கோயிற் காட்சிகளை எண்ணி ஆசைப்படுவோர், கோயில்களுக்குள் கைபேசி கொண்டுசெல்வதைத் தடை செய்யும்படி சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதை நினைவில் வைப்பது நலம்.

படத்தைவிட அதற்கு எழுதும் விவரமே அதிகம் விலைபோகிறது என்று சொன்னால் மிகையாகாது. வாங்குவோன் சொற்களைக் கொண்டே தேடுகிறான். உலகத்திலுள்ள அஸ்தமனங்கள் எல்லாம் ஏற்கெனவே கிடங்கில் குவிந்திருக்கின்றன. தஞ்சை ஜில்லாவில் நாற்று நடும் காட்சியை எடுத்துவிட்டு, அதற்கு ‘இந்தியா, ஆசியா, பிரயாணம்’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறவன் தன் சரக்கைத் தானே புதைத்துவிடுகிறான். எந்த ஊர், எந்த மாதம், எந்தப் பயிர், அந்த ஸ்திரீகள் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதத் தெரிந்தவன் அவ்வூர்க்காரனே. வெளியூரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கிப் போகிறவன் பொங்கற் பானையைப் பார்த்துச் சமையல் என்று எழுதிவிடுவான்.

நிற்க, பணத்திற்கு வருவோம். துணுக்கை விற்பதாகச் சொல்வது பேச்சு வழக்கே. உண்மையில் விற்கப்படுவது லைசென்ஸ், அதாவது உபயோகிக்கும் அனுமதி. உரிமை எடுத்தவனிடமே நிற்கிறது. 1957-ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டப்படி வீடியோவும் சினிமாப் படமாகவே கருதப்படும். அதைத் தயாரித்தவனுக்கு, வெளியிட்ட வருஷத்திற்கு அடுத்த வருஷ ஆரம்பத்திலிருந்து 60 வருஷம் உரிமை உண்டு. ரிஜிஸ்தர் செய்யவேண்டிய அவசியமில்லை. எனவே தனி உரிமை என்று ஒரு கடைக்கு எழுதிக் கொடுத்தாலொழிய ஒரே துணுக்கைப் பல கடைகளில் வைக்கலாம்.

ஆனால் விலையையும் பங்கையும் நிர்ணயிப்பது கடையே. ஒரு துணுக்கு 60 டாலருக்கு லைசென்ஸ் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடோபி வீடியோவுக்குக் கொடுக்கும் பங்கு நூற்றுக்கு 35. அவ்வீதப்படி எடுத்தவனுக்கு 21 டாலர். நூற்றுக்கு 15 கொடுக்கும் இடத்தில் 9 டாலர். அமெரிக்காவில் உண்டான ராயல்டிக்கு அந்நாட்டு ஸர்க்கார் நூற்றுக்கு 30 வரி பிடிக்கும். இரு தேசத்து வரி உடன்படிக்கையைக் காட்டி உரிய பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால் 15 ஆகும். இந்தப் பாரத்தை அசட்டை செய்து இருமடங்கு வரியை வீணாகக் கொடுப்போரும் உண்டு. அங்கே பிடித்த வரியை நம் நாட்டு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் வழியிருக்கிறது. இவ்வளவும் துணுக்கு விலைபோனால்தானே! நூறு துணுக்குகள் அனுப்பியும் மாதக்கணக்கில் ஒன்றும் விலைபோகாதிருப்பது இத்தொழிலில் சகஜம். இதை நம்பி இருக்கும் வேலையை விடுவது பேதைமை என்பது நம் அபிப்பிராயம். விடுமுறையிலும் மாலையிலும் செய்து, வருவதை உபரியாகக் கருதுபவனுக்கு நஷ்டமில்லை.

பங்கு நூற்றுக்கு இவ்வளவு என்று சொன்னோமே, அது நிலையானதா? 2010 செப்டம்பரில் ஐஸ்டாக்போட்டோ கடை தனி உரிமை எழுதிக் கொடாதவர்களின் பங்கை, நூற்றுக்கு 20 என்றிருந்ததிலிருந்து, அதிகம் விற்காதோருக்கு 15 வரை இறக்கப்போவதாக அறிவித்தது. 2020 ஜூன் 1-ந் தேதி ஷட்டர்ஸ்டாக் செய்தது இன்னும் விசித்திரம். விற்பனைக்குத் தக்கபடி நூற்றுக்கு 15 முதல் 40 வரை படிகள் அமைத்து, எவ்வளவு உயர்ந்த படியில் நின்றவனும் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியன்றும் முதற் படிக்கே இறங்கிவிடவேண்டும் என்று விதித்தது. ஒரு போட்டோவுக்குக் குறைந்தபட்சம் 10 ஸெண்டு என்ற கணக்கும் அப்போதே வந்தது. கொரோனாவினால் வேறு வேலையெல்லாம் நின்றிருந்த சமயம் அது. ஆத்திரமடைந்த அநேகர் தங்கள் படங்களை அக்கடையிலிருந்து மறைத்து வைத்தனர். கம்பெனி தன் திட்டத்தைக் கைவிடவில்லை. தேசந்தேசமாகச் சிதறி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்கள் செய்யும் வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும்?

இப்பொழுது வேறொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. கிடங்கிலுள்ள படங்களைக் கொண்டே செயற்கை அறிவு யந்திரங்களுக்குப் படம் வரையப் பயிற்சி அளிக்கிறார்கள். 2023 மார்ச்சில் அடோபி வெளியிட்ட ஃபயர்ஃப்ளை யந்திரம் பயின்றது பெரும்பாலும் அதன் கடைச் சரக்கிலேதான். அவ்வருஷம் செப்டம்பரில் படம் கொடுத்தவர்களுக்கு ஒரு போனஸ் வழங்கினார்கள். 2023 ஜூலையில் ஷட்டர்ஸ்டாக் ஓபன்ஏஐ கம்பெனியுடன் ஆறு வருஷ ஒப்பந்தம் செய்தது. 2024 பிப்ரவரியில் ஓபன்ஏஐ, எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வீடியோவே செய்யும் சோரா என்ற யந்திரத்தைக் காட்டியது. பெயரற்ற மழையும் ஊரில்லாத மேகமும் இனி யந்திரத்திடமே மலிவாகக் கிடைக்கும். இன்ன ஊரில், இன்ன வருஷத்து வெள்ளம் என்று சாட்சி சொல்லும் துணுக்கை யந்திரம் செய்தால் அது பொய்ச் சாட்சியாகும். ஆகவே விவரத்தை உள்ளபடி எழுதுவதற்கு முன்னைவிட இப்போது மதிப்பு அதிகம்.

இன்னொருவருடைய பாத்தியதையைப் பற்றியும் சொல்லவேண்டும். நாற்று நடும் அந்த ஸ்திரீயின் முகம் படத்தில் தெரிந்தால், விளம்பர உபயோகத்திற்கு அவள் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரம் வேண்டுமென்று கடைகள் கேட்கின்றன. பலர் இதை வெறும் சடங்காகக் கருதி, இங்கிலீஷ் பாரத்தில் கைந்நாட்டு வாங்கிவிடுகிறார்கள். அவள் முகம் பின்னொரு நாள் ஏதோவொரு தேசத்தில் பூச்சி மருந்துக்கோ, வறுமை நிவாரண நிதி கேட்கும் விளம்பரத்திற்கோ உபயோகமாகலாம் என்பதை அவளிடம் யார் சொன்னார்கள்? நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் வழக்கில், 1994-ல், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றி விளம்பரத்திற்கு உபயோகிப்பது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, சம்மதிக்கிறவளுக்கு வரும்படியில் ஒரு பங்கும் கொடுப்பதே நியாயம். படம் பிடித்தவன் பங்கைக் கடைக்காரன் குறைத்தான் என்று முறையிடுவோர், வயலில் நின்றவளுக்குத் தாங்கள் கொடுத்த பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்கவேண்டும்.

இதற்கெல்லாம் மாற்றே இல்லையா என்றால், இருக்கிறது. 2000-ல் கானடாவிலுள்ள கால்கரி நகரில் ஐஸ்டாக்போட்டோவைத் தொடங்கிய புரூஸ் லிவிங்ஸ்டன், 2006-ல் அதை 5 கோடி டாலருக்குக் கெட்டி இமேஜஸுக்கு விற்றார். பின்னர் அவரே, பிரயானா வெட்லாபர் என்பவருடன் சேர்ந்து, 2013-ல் ஸ்டாக்ஸி என்ற கடையைத் திறந்தார். அது கூட்டுறவுச் சங்கம், படம் எடுக்கும் அங்கத்தினர்களும் அதன் சொந்தக்காரர்கள், வோட்டும் அவர்களுக்கு உண்டு. சாதாரண லைசென்ஸில் நூற்றுக்கு 50, விரிந்த உபயோகத்திற்கான லைசென்ஸில் 75 எடுத்தவர்களுக்குப் போகிறது. வீடியோவும் அங்கே வைக்கப்படுகிறது. அங்கத்தினர்களை ஆராய்ந்தே சேர்ப்பதால் எல்லோருக்கும் அங்கே இடமில்லை. ஆயினும் இத்தகைய கடை நடக்குமா என்ற சந்தேகத்திற்கு அது பதிலாக நிற்கிறது.

தமிழ் நாட்டிற்கு இம்முறை அன்னியமானதல்ல. நூல் வாங்கவும் துணி விற்கவும் பிறரை நம்பியிருந்த கைத்தறி நெசவாளர்களுக்காக 1935-ல் ஏற்பட்ட சங்கமே இன்றைய கோ-ஆப்டெக்ஸ். தறிக்கு ஆனது போனுக்கு ஆகாதென்பதற்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு ஜில்லாவில் துணுக்கெடுக்கும் இளைஞர் பத்துப் பேர் முதலில் ஓரிடத்தில் கூடட்டும். தாங்கள் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்திய ஒப்பந்தங்களை ஒரு வக்கீலிடம் காட்டி, யந்திரப் பயிற்சிக்குத் தங்கள் படங்களைக் கொடுக்க மறுக்க இடமிருக்கிறதா என்று வாசித்தறியட்டும். சம்மதப் பத்திரத்தைத் தமிழில் அச்சிடட்டும். எந்தக் கடை எந்தத் துணுக்குக்கு எவ்வளவு கொடுத்தது என்று பத்துப் பேரும் ஒரே நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வரட்டும். சங்கம் ரிஜிஸ்தர் செய்வது அதற்கடுத்த காரியம்.